ஆக்கவுரிமை விண்ணப்பம் ஏன் இழுபடுகிறது? வன்னியிலிருந்து முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

கச்சான் கோது உடைக்கிற மெசின், யானை வேலியை நெருங்கினால் சத்தம் எழுப்புகிற கருவி, லான்ட்மாஸ்டருக்குப் பின்னால் பூட்டிக் களை எடுக்கிற பல்லு என்று வன்னியின் வெல்டிங் கடைகளிலும் பள்ளிக்கூட ஆய்வுகூடங்களிலும் ஏதோ ஒன்று புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கிறது. செய்தவர்களில் சிலர், அதை வேறொருவர் பார்த்துச் செய்து விற்காமல் தடுக்கிற ஆக்கவுரிமை, அதாவது பேற்றன்ற், எடுக்க விண்ணப்பிக்கிறார்கள். அப்புறம் காத்திருப்புத் தொடங்குகிறது. ஒருவருக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது. இன்னொருவரின் கோப்பு வருடக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. கொழும்பில் ஆளைத் தெரிந்தால்தான் வேலை நடக்கும் என்ற பேச்சு அங்கேதான் கிளம்புகிறது. நான் பார்த்தவரையில் காரணம் பெரும்பாலும் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும்.

தாமதத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று வீண் தாமதம். பெயரில் எழுத்து மாறியது, கடிதம் கைக்கு வராமல் போனது, படமும் விளக்கமும் பொருந்தாதது. இதில் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. மற்றது, உங்கள் உரிமை எவ்வளவு தூரம் போகும் என்று, விண்ணப்பத்தைச் சோதிக்கிற பரிசோதகரும் நீங்களும் எழுத்தில் வாதாடுகிற தாமதம். அதற்கு அஞ்ச வேண்டாம். முதலாவதை ஒழித்து, இரண்டாவதற்குத் தயாராக இருப்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

கோப்பு போகிற பாதை

இலங்கையில் ஆக்கவுரிமை வழங்குவது தேசிய புலமைச் சொத்து அலுவலகம். கொழும்பு 10, டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையில் சமாகம் மெதுர என்ற கட்டடத்தில் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மூன்று கேள்வி கேட்கிறது. இது புதியதா? அந்தத் தொழில் தெரிந்த ஒருவருக்கு இலகுவில் தோன்றிவிடாததா? தொழிலில் பயன்படுத்தக் கூடியதா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் உரிமை.

விண்ணப்பம் போனதும் முதலில் தாள்கள் சரியா என்று பார்ப்பார்கள். பிறகு உலகத்தில் ஏற்கனவே இப்படி ஏதும் இருக்கிறதா என்ற தேடல். ஏதும் அகப்பட்டால் உங்களுக்குக் கடிதம் வரும், நீங்கள் பதில் எழுத வேண்டும். தேவையானால் திரும்பவும் கடிதம், திரும்பவும் பதில். எல்லாம் சரி என்றால் உரிமை வழங்கப்படும். இந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் வரிசை உண்டு. அமெரிக்கா போன்ற பெரிய நாட்டிலேயே சராசரியாக இரண்டு வருடத்துக்கு மேல் எடுக்கிறது. மென்பொருள், மருந்து, உயிரித் தொழில்நுட்பம் போன்ற துறைகளில் தேட வேண்டிய பழைய ஆவணங்கள் மலையாகக் கிடப்பதால் இன்னும் இழுபடும். இரும்பில் செய்த ஒரு மெசினுக்கு அவ்வளவு சிக்கல் வராது.

கண்டுபிடிப்பாளருக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களாலும் கோப்பு நிற்கலாம். வில்லியம் பிரீட்மன் என்ற அமெரிக்க இரகசியக் குறியீட்டு நிபுணர் 1933இல் ஒரு மறையெழுத்துக் கருவிக்கு விண்ணப்பித்தார். நாட்டின் பாதுகாப்பு இரகசியம் என்று அதை அடக்கி வைத்திருந்தார்கள். உரிமை வழங்கப்பட்டது 2000ஆம் ஆண்டில். அவர் 1969இலேயே இறந்துவிட்டார். உங்கள் கச்சான் மெசினுக்கு அந்த நிலை வராது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இலங்கையில் ஆக்கவுரிமையின் ஆயுள் 20 வருடம், அது விண்ணப்பித்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. வழங்கிய நாளிலிருந்து அல்ல. ஐந்து வருடம் இழுபட்டால் கையில் எஞ்சுவது பதினைந்து. வீண் தாமதத்தின் விலை அதுதான்.

சீக்கிரம் கிடைத்தால் போதுமா?

வயலில் வெட்டுக்காயம் பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டுவது நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கா 1995 மார்ச்சில் ஆக்கவுரிமை கொடுத்தது. 1993 டிசம்பரில் போட்ட விண்ணப்பம், பதினைந்து மாதத்தில் கையில். இந்தியாவின் அறிவியல், தொழில் ஆய்வு மன்றம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி எதிர்த்தது. 1997இல் அந்த உரிமை இரத்தானது. விரைவாகக் கிடைத்தது, ஆனால் நிற்கவில்லை. நன்றாகத் தேடிப் பார்த்துக் கொடுத்த உரிமைதான் வழக்கு வந்தாலும் நிற்கும். ஆகவே பரிசோதகர் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். அவர் இன்று கேட்காததை நாளை உங்கள் போட்டியாளரின் சட்டத்தரணி கேட்பார்.

முதலில் தேடுங்கள்

விண்ணப்பம் எழுத உட்காரும் முன் சில இரவுகளைத் தேடலுக்கு ஒதுக்குங்கள். தாமதத்தைக் குறைக்க இதைவிடப் பெரிய வழி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பேற்றன்ற்ஸ்கோப், எஸ்பேஸ்நெற், கூகிள் பேற்றன்ற்ஸ் மூன்றும் இலவசம், போனிலேயே பார்க்கலாம். முதலாவது உலகப் புலமைச் சொத்து நிறுவனத்தினுடையது, இரண்டாவது ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தினுடையது.

சொற்களை மட்டும் போட்டுத் தேடினால் பாதிதான் அகப்படும். நாம் ஒன்றை ஒரு பெயரால் சொல்லுவோம், சீனாக்காரர் வேறு பெயரில் பதிந்திருப்பார். அதனால் உலகம் முழுக்கப் பொதுவான வகைப்பாட்டு எண்ணையும் பயன்படுத்துங்கள். கொட்டை, கச்சான் போன்றவற்றின் கோது உடைக்கிற மெசின்கள் ஏ23என் 5 என்ற பிரிவில் வரும். விலங்கு, பறவைகளை வெருட்டித் துரத்துகிற கருவிகள் ஏ01எம் 29இல் வரும். யானைக்கான கருவி செய்கிறவர்கள் அந்த ஒரு பிரிவைப் புரட்டினாலே எத்தனை பேர் எத்தனை விதமாக முயன்றிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். வாசிக்க ஆங்கிலம் சிரமமாக இருந்தால் படங்களைப் பாருங்கள். மெசின் தெரிந்த கண்ணுக்குப் படமே முக்கால்வாசி சொல்லும்.

உங்களுடையதற்கு மிகக் கிட்டவாக உள்ள நாலைந்தைப் பிரதி எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும், இதில் இல்லாத எது என்னுடையதில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத ஒன்றுமே வராவிட்டால் விண்ணப்பிப்பதில் அர்த்தமில்லை. அந்தக் காசை மெசினை நன்றாக்கி விற்பதில் போடலாம். அதுவும் நல்ல முடிவுதான்.

வெளியே காட்டாதீர்கள்

மெசின் ஓடத் தொடங்கியதும் பேஸ்புக்கில் வீடியோ போடுவதும் கண்காட்சியில் வைப்பதும் நம் பிள்ளைகளுக்கு இயல்பு. விண்ணப்பிக்கும் முன் அதைச் செய்யாதீர்கள். நீங்களே போட்ட வீடியோவையும் ஏற்கனவே உள்ளது என்ற கணக்கில் சேர்க்கலாம். இலங்கைச் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. நீங்களாகவே வெளியிட்டது விண்ணப்பத்துக்கு முந்திய ஒரு வருடத்துக்குள் என்றால் அதை உங்களுக்கு எதிராக எடுக்காது. ஆனால் அது எந்தத் திகதியில், யாரால் வெளியானது என்று நிரூபிக்கிற கடிதப் போக்குவரத்திலேயே மாதங்கள் போகும். ஐரோப்பாவில் அந்தச் சலுகையும் இந்த அளவுக்கு இல்லை. விரிவுரையாளர், படம் வரைகிறவர், பணம் போடுகிறவர் என்று யாருக்காவது காட்டியே ஆக வேண்டும் என்றால், இரகசியம் காப்பேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

மறுபக்கம், மெசின் முழுவதும் முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். லேசர் பற்றிய தன் யோசனையை கோர்டன் கூல்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1957 நவம்பரில் குறிப்புப் புத்தகத்தில் எழுதி அத்தாட்சிப்படுத்தி வைத்தார். ஓடுகிற மாதிரி ஒன்று செய்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று பிழையாக நம்பியதால் 1959 வரை விண்ணப்பிக்கவில்லை. இதற்கிடையில் டவுன்ஸ், ஷாலோ என்ற வேறு இரண்டு இயற்பியலாளர்கள் 1958இல் விண்ணப்பித்து 1960இல் உரிமை பெற்றுவிட்டார்கள். பிறகு நடந்த நீண்ட சட்டப் போராட்டத்தில், கூல்டின் லேசர் உரிமைகளில் முக்கியமான முதலாவது அவர் கைக்கு வந்தது 1977இல். தொழில் தெரிந்த ஒருவர் வாசித்துச் செய்யக் கூடிய அளவுக்கு விளக்கம் எழுத முடிந்தால், விண்ணப்பிக்கிற காலம் வந்துவிட்டது.

உரிமைக் கோரிக்கை: கோப்பு உண்மையில் மாட்டுகிற இடம்

விண்ணப்பத்தில் விளக்கம், படம், சுருக்கம் எல்லாம் இருக்கும். ஆனால் சட்டம் பாதுகாப்பது உரிமைக் கோரிக்கை என்ற பகுதியில் எழுதியதை மட்டுந்தான். காணி உறுதியில் எல்லை எழுதுவது போல: கூட எழுதினால் பக்கத்துக் காணிக்காரர் வழக்குக்கு வருவார், குறைய எழுதினால் உங்கள் கிணறு வெளியே போய்விடும்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். புதுக்குடியிருப்பில் ஒரு தம்பி கச்சான் மெசின் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். றப்பர் பட்டி சுற்றிய உருளை ஒன்று. அதன் கீழே வளைந்த கம்பிச் சல்லடை. கச்சான் இரண்டுக்கும் இடையில் நசிந்து கோது உடையும். இதுவரை புதுமை ஏதும் இல்லை. அவர் கண்ட பிரச்சினை வேறு. கச்சான் ஒரே அளவில் இருப்பதில்லை. இடைவெளியைக் குறைத்தால் பெரிய பருப்பு பிளக்கிறது, கூட்டினால் சின்னது உடையாமல் விழுகிறது. அதனால் சல்லடையை ஒரு பக்கம் பிணைச்சலில் தொங்கவிட்டு, மறுபக்கம் சுருள்வில்லில் நிறுத்தினார். பெரிய கச்சான் வரும்போது சல்லடை தானாக இறங்கி, பிறகு மேலே வருகிறது. உடைகிற பருப்பு நன்றாகக் குறைந்துவிட்டது.

அவர் முதலில் எழுதக்கூடிய கோரிக்கை இப்படி இருக்கும்: “கச்சான் கோதை உடைத்துப் பருப்பைப் பிரித்தெடுக்கும் இயந்திரம்.” இதை வாசித்ததும் பரிசோதகர் ஏ23என் 5இல் உள்ள பழைய மெசின்களை எடுத்து முன்னால் வைப்பார். நிராகரிப்புக் கடிதம், பதில், திரும்பக் கடிதம். இங்கேதான் வருடங்கள் கரைகின்றன.

அதற்குப் பயந்து இப்படி எழுதினால்: “210 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளையும், நான்கு சுருள்வில்லும், பச்சை நிறச் சட்டகமும் கொண்ட கச்சான் இயந்திரம்.” இது தடையின்றிப் போகக்கூடும். ஆனால் பக்கத்து ஊர்க்காரர் மூன்று வில் போட்டால் அவரை ஒன்றும் செய்ய முடியாது. சீக்கிரம் வந்த உரிமை சுவரில் மாட்டத்தான் உதவும்.

சரியான கோரிக்கை புதுமை இருக்கிற இடத்தைத் தொட வேண்டும்: “ஓர் உருளையும், அதன் கீழ்ப்புறத்தைச் சுற்றி வளைந்த சல்லடையும் கொண்ட கோது உடைக்கும் இயந்திரம்; அதில் சல்லடையின் ஒரு விளிம்பு பிணைச்சலிலும் மறு விளிம்பு மீள்சக்தியுள்ள தாங்கியிலும் பொருத்தப்பட்டு, உருளைக்கும் சல்லடைக்கும் இடையிலான இடைவெளி உள்ளே வரும் கச்சானின் பருமனுக்கு ஏற்ப மாறும்.” சுருள்வில் என்று எழுதாமல் மீள்சக்தியுள்ள தாங்கி என்றதைக் கவனியுங்கள். றப்பர்க் கட்டை வைத்துப் போலி செய்கிறவரும் இதற்குள் அகப்படுவார். இதன் கீழே, அந்தத் தாங்கி சுருள்வில்லாக இருப்பது, வில்லின் இறுக்கத்தைத் திருகாணியால் மாற்றுவது என்று ஒடுக்கமான கோரிக்கைகளை இரண்டாவதாக, மூன்றாவதாக எழுத வேண்டும். பரிசோதகர் முதலாவதை மறுத்தாலும் பின்வாங்கி நிற்க இடம் இருக்கும்.

விளக்கத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இடைவெளி எத்தனை மில்லிமீற்றர், உருளை நிமிடத்துக்கு எத்தனை சுற்று, வில்லுக்குப் பதிலாக வேறு என்ன போடலாம் எல்லாவற்றையும் எழுதுங்கள். விண்ணப்பித்த பிறகு கோரிக்கையைத் திருத்தலாம், ஆனால் முதலில் எழுதாத புதிய விடயத்தைக் கொண்டுவந்து சேர்க்க முடியாது. படத்தில் உருளைக்கு 3 என்று இலக்கம் போட்டால் விளக்கம் முழுக்க அது 3ஆகவே இருக்க வேண்டும். இது சின்ன விடயம்தான், ஆனால் இதற்காகவே திரும்பி வருகிற விண்ணப்பங்கள் உண்டு.

இரண்டு கண்டுபிடிப்பை ஒரு விண்ணப்பத்தில் அடைக்க வேண்டாம். கச்சான் மெசினோடு புதுவிதமான காயவைக்கும் தட்டையும் சேர்த்தால், பிரித்துக் கொண்டு வா என்பார்கள். வியாபாரத் திட்டம், விளையாட்டு விதி, கணித முறை, நோய்க்குச் சிகிச்சை செய்யும் முறை ஆகியவற்றுக்குச் சட்டம் ஆக்கவுரிமை கொடுப்பதில்லை. மெசினின் தோற்றம் மட்டுமே புதிது என்றால் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதியலாம். அது ஐந்து வருடம், இரண்டு தடவை புதுப்பித்து மொத்தம் பதினைந்து வருடம் வரை போகும்.

பெயர், விலாசம், உரித்து

வன்னிக்காரர் இதில் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இடம்பெயர்ந்து, மீளக்குடியேறி வந்த பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. விண்ணப்பம் முதல் கடைசி வரை அடையாள அட்டையில் உள்ளபடியே ஆங்கில எழுத்துகளைப் போடுங்கள். விலாசம் இன்னும் முக்கியம். இரண்டாம் குறுக்கு, குளத்தடி என்று மட்டும் எழுதினால் உப தபாலகத்தில் கடிதம் கிடக்கும். பதில் எழுதக் கொடுத்த தவணை ஓடிக்கொண்டிருக்கும். தவணை தப்பினால் விண்ணப்பத்தையே கைவிட்டதாகக் கொள்ள இடமுண்டு. நம்பிக்கையாகக் கடிதம் சேர்கிற ஒரு விலாசத்தைக் கொடுங்கள், பட்டணத்தில் கடை வைத்திருக்கிற சித்தப்பாவுடையது என்றாலும் பரவாயில்லை. வீடு மாறினால் அதே கிழமையில் விண்ணப்ப இலக்கத்தைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் அறிவியுங்கள்.

கண்டுபிடித்தவர் இருவர் என்றால் இருவர் பெயரும் வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்யும் இடத்தில், அந்த வேலையின் பகுதியாகச் செய்த கண்டுபிடிப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிக்கே உரியது என்பது சட்டம். பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் பீடத்தில் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். உரித்துப் பிணக்கு நடுவழியில் வந்தால் கோப்பு அப்படியே நிற்கும்.

தேடல் அறிக்கையும் பதில் கடிதமும்

சட்டம் இரண்டு வழி தருகிறது. சர்வதேச வகைத் தேடல் அறிக்கை, அதாவது இதுபோன்றது உலகத்தில் ஏற்கனவே இருக்கிறதா என்று தேடித் தரும் அறிக்கை, ஒன்றைப் பெற்று இணைக்கலாம். அல்லது உள்ளூர்ப் பரிசோதகருக்கு அனுப்பும்படி கேட்டு அதற்குரிய கட்டணத்தைக் கட்டலாம். வெளிநாட்டுச் சந்தையைப் பார்க்காத ஒரு வெல்டிங் கடைக்காரருக்கு இரண்டாவதே போதும். ஏதோ ஒன்றை முதல் நாளிலேயே தெரிவு செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதைக் கேட்டே ஒரு கடிதம் வரும். கட்டணங்கள் மாறுவதால் ரயில் ஏறும் முன் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரியுங்கள்.

ஆட்சேபக் கடிதம் வந்தால் அது நிராகரிப்பு அல்ல. பரிசோதகர் காட்டிய பழைய ஆவணத்தை எடுத்து வாசியுங்கள். தேடலின்போது ஓரத்தில் எழுதிய வரிகள் இப்போது கைகொடுக்கும். “அந்த மெசினில் சல்லடை அசையாது. என்னுடையதில் அசைகிறது. அதனால் உடையும் பருப்பு குறைகிறது” என்று நேராக எழுதுங்கள். ஓட்டிப் பார்த்த அளவுகள் இருந்தால் சேர்க்கலாம். எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்தேன் என்பதை எழுத வேண்டாம். அந்த உழைப்பு உண்மை, ஆனால் முடிவு அதில் தங்கவில்லை. தவணையின் கடைசி நாள் வரை வைத்திருக்கவும் வேண்டாம்.

இதை எல்லாம் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. பிரதேச செயலகங்களோடு இயங்கும் விதாதா வள நிலையங்களில் விஞ்ஞான தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். 1979ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் உருவான இலங்கை கண்டுபிடிப்பாளர் ஆணைக்குழு இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம், 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக நிற்கிற வவுனியாப் பல்கலைக்கழகம் இரண்டும் கிட்டவே உள்ளன. விளக்கத்தையும் படத்தையும் நீங்களே எழுதலாம். கோரிக்கையை மட்டுமாவது இந்தத் துறை தெரிந்த சட்டத்தரணியிடமோ முகவரிடமோ காட்டுங்கள். செலவழிக்க வேண்டிய ஒரே இடம் என்றால் அதுதான்.

இந்தியாவையும் யோசிப்பவர்களுக்கு

இலங்கை ஆக்கவுரிமை இலங்கைக்குள் மட்டுமே செல்லும். தமிழ்நாட்டில் ஒருவர் அதே மெசினைச் செய்து அங்கேயே விற்றால் தடுக்க முடியாது. இங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அங்கேயும் விண்ணப்பித்தால் இங்கத்தைய திகதியே அங்கும் கணக்கில் வரும். இந்தியாவில் பரிசோதிக்கச் சொல்லித் தனியாக ஒரு வேண்டுகோள் கொடுத்தால்தான் கோப்பு நகரும். 2024 முதல் அதற்கான காலம், இங்கே விண்ணப்பித்த அந்த முதல் திகதியிலிருந்து 31 மாதம். பலருடையது அங்கே தூங்குவது இந்த ஒரு தாள் போகாததால்தான்.

காத்திருக்கும் காலத்தில்

விண்ணப்பித்த பிறகு மெசினைச் செய்து விற்கலாம். ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது என்று மெசினில் எழுதலாம், ஆக்கவுரிமை பெற்றது என்று எழுதக் கூடாது. உரிமை கைக்கு வரும் வரை, பார்த்துச் செய்கிறவர் மேல் அதை வைத்து வழக்குப் போட முடியாது. ஆனாலும் யார், எப்போது, எத்தனை செய்தார்கள் என்று படத்தோடு குறித்து வையுங்கள். விண்ணப்ப இலக்கம், கட்டணப் பற்றுச்சீட்டு, வந்த கடிதம், போன கடிதத்தின் பிரதி எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். நீண்ட காலம் சத்தமில்லாவிட்டால், விண்ணப்ப இலக்கத்தைப் போட்டு, கோப்பு இப்போது எந்தப் படியில் இருக்கிறது, என்னிடமிருந்து ஏதும் வரவேண்டியிருக்கிறதா என்று இரண்டே வரியில் எழுதிக் கேளுங்கள். உரிமை வந்த பிறகும் அதை உயிரோடு வைத்திருக்க ஆண்டுக் கட்டணம் உண்டு. அதன் திகதியைச் சுவர்க் கலண்டரில் மட்டும் குறிக்காமல், வீட்டில் இன்னொருவரின் போனிலும் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள்.